மலையடிவாரக் கூடாரங்களுக்கும் ஒரு ரீடிங் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பசுமைத் தங்குமிடங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மாந்தோப்புக்கு நடுவே வெள்ளைக் கூடாரங்கள், உள்ளே கட்டில், மெத்தை, குளியலறை. இதற்கு கிளாம்பிங் என்று பெயர், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத சுற்றுலா இதுதான் என்று எழுதியிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. அந்த மாதிரிக் கூடாரம் ஒன்றில் போன மே மாதம் ஓர் இரவு தங்கினவன் நான். அதற்கும் மேலே, அதே வட்டாரத்தில் முப்பத்தோரு வருஷம் மின்வாரியக் கணக்கீட்டாளராக வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன். ஒடுகத்தூர் பக்கம் எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை செய்யும் என் மகன் எங்கள் கல்யாண நாளுக்காக அந்த இடத்தைப் பதிவு செய்திருந்தான். "அப்பா, நீங்க சைக்கிள்ல சுத்தின ஊருதான். ஒரு நாளாவது அங்க சும்மா உட்கார்ந்துட்டு வாங்க" என்றான். அவன் ஆசையாகச் செய்தது. இடத்தின் பெயரை எழுத மாட்டேன். ஒருவரை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; இதுபோல இன்னும் பல இடங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

வாசலில் மூங்கில் பலகையில் இலை வரைந்து 'இயற்கையோடு இணைந்த தங்குமிடம்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு கூடாரங்கள். அது முன்பு நிலக்கடலை போட்ட கொல்லை, ஓரத்தில் மாமரங்கள். பம்புசெட் ஷெட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. விவசாய சர்வீஸ், அஞ்சு எச்பி மோட்டார். அந்த மோட்டாரிலிருந்து இப்போது குழாய் போவது நீச்சல் குளத்துக்கு.

மே மாத வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஏழு மணிக்குக் கூடாரத்துத் துணிச் சுவரில் கை வைத்தேன், இறக்கி வைத்த தோசைக்கல்லில் மிச்சமிருக்கிற சூடு மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றரை டன் ஏசி. சுவர் இருக்கிற வீட்டில் அறை குளிர்ந்ததும் ஏசி கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஓடும். துணிக்குள் குளிர் தங்குவதில்லை. வாசல் ஜிப் ஓரம் கையை வைத்தால் குளிர்காற்று வெளியே போவது நன்றாகத் தெரிந்தது. அது நிற்காமல் ஓடியது. அப்படி ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட். ஏழு மணியிலிருந்து விடியற்காலை ஆறு மணி வரை பதினாறு யூனிட்டுக்கு மேல் ஆகும்.

தூக்கம் வராமல் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் நான் ரீடிங் எடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டினதில்லை. ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி, சில வீடுகளில் ஒரு மிக்சி. வெள்ளை அட்டையில் 70, 85, 92 என்று எழுதிவிட்டு, "ஒண்ணும் கட்ட வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஓட்டுகிற மின்சாரத்தை ஒரு கூடாரம் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது.

ஒன்பதரை மணிக்குக் கரண்ட் போனது. உடனே மாமரத்துக்குப் பின்னாலிருந்து ஜெனரேட்டர் கிளம்பியது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரை கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியே போகிறது. புகை தாழ்வாக வந்து கூடாரத்தைச் சுற்றி நின்றது. என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. வெளியே நாற்காலி போட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகவே உட்கார வைத்தேன்.

வெளியே வந்தால் இருட்டும் இல்லை. ஒவ்வொரு மாமரத்திலும் அடியிலிருந்து உச்சி வரை எல்இடி சர விளக்கு சுற்றியிருந்தார்கள். ஆசிரியர் அவர்களே, இதே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் தொலைநோக்கி வைத்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இங்குள்ள இருட்டு. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்தார், வேணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரை அதற்கு வைத்தார்கள். எனக்கு அப்போது இருபத்தஞ்சு வயது. வட ஆற்காட்டில் ஆசியாவிலேயே பெரிய தொலைநோக்கி என்று ஊரே பெருமையாகப் பேசிக்கொண்டது. பிறகு நான் வேலையில் சேர்ந்து மலைமேல் ரீடிங் எடுக்கப் போய் ராத்திரி தங்கும்போது பால்வீதி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பந்தல் போட்ட மாதிரி கிடக்கும். பட்டணத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அன்று ராத்திரி எங்களால் பத்து நட்சத்திரம்கூட எண்ண முடியவில்லை.

காலையில் ஐந்தரைக்கு எழுந்து கூடாரங்களுக்குப் பின்பக்கம் நடந்து போனேன். ஒவ்வொரு குளியலறையிலிருந்தும் ஒரு பிவிசி குழாய் வந்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் ஓடைக்கரையில் ஒரு புங்க மரத்தடியில் முடிந்திருந்தது. உறிஞ்சுகுழி இல்லை, கல்லும் மணலும் போட்டு வடிகட்டுகிற ஏற்பாடும் இல்லை. புங்கவேரில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கெண்டைமீன் குஞ்சுகூட அந்தத் தேங்கலில் இல்லை. அந்த ஓடை ஏரிக்குப் போகிறது, ஏரி நிரம்பினால் உத்தர காவிரிக்குப் போகிறது, அங்கிருந்து பாலாற்றுக்கு.

பாலாறு என்றதும் வேலூர்க்காரன் எவனுக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு ஞாபகம் வராமல் இருக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கையையும் நம் நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது நம் ஊர் வழக்கு. அப்படியும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. ஒரு ஆற்றைக் கெடுத்துவிட்டுப் பிறகு சரிசெய்வது என்றால் ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிறது என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஓடையில், இயற்கையின் பெயரைச் சொல்லியே புதிதாக ஒரு குழாயைத் திருப்பிவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை.

அப்புறம் தண்ணீர். அந்த நீச்சல் குளத்தை நடந்தே அளந்தேன். 25 அடி நீளம், 15 அடி அகலம், நாலடி ஆழம் வைத்தால் 42,000 லிட்டருக்கு மேல். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. குளத்தில் நிற்பது 770 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். குளத்தைத் தினமும் நிரப்புவதில்லை, சரி. குளிக்கிற தொட்டியைத் தினமும் நிரப்புகிறார்களே. தொட்டிக்கு 200 லிட்டர் என்றாலும் ஆறு கூடாரத்துக்கு 1,200 லிட்டர்.

தெருமுனைத் தொட்டியருகே குடங்களை வரிசை வைத்துவிட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இன்னாண்ணா, ரீடிங் எடுக்க வந்துகீறீங்களா? ரிட்டேர் ஆய்ட்டீங்கன்னு சொன்னாங்களே?" என்றாள். பக்கத்துக் கொல்லையில் தங்க வந்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன். "ரெண்டு நாளைக்கு ஒருதபா வுடுறாங்கண்ணா. அவங்க போர் போட்டதுல இருந்து எங்க கைப்பம்புல காத்துதான் வருது." இது அந்த ஆழ்துளைக் கிணற்றினால்தானா என்று அளந்து சொல்ல நான் நிலத்தடி நீர் நிபுணன் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் அளந்து சொல்ல வேண்டாமா?

அங்கே வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து பேர், எல்லோரும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். வரவேற்பில் இருந்த பெண் நான் ரீடிங் எடுத்த வீட்டில் சின்னக் குழந்தையாகத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தவள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் பஸ் பிடித்துப் போய்வந்தவள், இப்போது வீட்டிலிருந்து நடந்து வருகிறாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்குப் பெரிய விஷயம். இந்தத் தொழில் வரட்டும், நன்றாக நடக்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் வேலை நிலைக்க வேண்டுமானால் அந்த ஊரில் தண்ணீர் இருக்க வேண்டும்.

மறுநாள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைப் பக்கம் மேலே போனோம். இப்போது தார்ச்சாலை இருக்கிறது. என் காலத்தில் நடைதான். காலையில் ஏற ஆரம்பித்தால் மத்தியானம் ஆகும், ராத்திரி யாராவது ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் படுக்கை. (கேரளத்து மலையாளி இல்லை, ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற, தமிழ் பேசுகிற பழங்குடி மக்கள்.) அப்படி நான் பல தடவை தங்கின ஒரு வீட்டுக்காரர்கள், இப்போது வீட்டை ஒட்டி இரண்டு மண் வீடு கட்டி, கேட்டு வருகிறவர்களைத் தங்க வைக்கிறார்கள். விளம்பரம் கிடையாது, பலகையும் கிடையாது.

அந்த வீட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சுவர் ஒன்றரை அடி கனத்துக்கு மண். உள்ளேயும் வெளியேயும் சாணி மெழுகியிருக்கிறார்கள், ஓரத்தில் செம்மண் பட்டை. கூரை புல் வேய்ந்தது, தாழ்வாக இறங்கியிருப்பதால் குனிந்துதான் நுழைய வேண்டும். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் உள்ளே நுழைந்ததும் என் மனைவி, "யாரோ ஈரத்துணி போத்தின மாதிரி இருக்கே" என்றாள். ஃபேன் இல்லை. கனமான மண் சுவர் பகல் சூட்டை உள்ளே விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒன்பது வாட் பல்பு ஒன்று உள்ளே, ஒன்று வாசலில். பழக்க தோஷத்தில் மீட்டரைப் பார்த்தேன். போன ரீடிங்கிலிருந்து 62 யூனிட். வீட்டுக்காரர்கள், தங்கினவர்கள் எல்லோரையும் சேர்த்து.

கழிவறை தனியாக, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி. இரண்டு குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிடுவார்கள். மூடினது ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தால் மண்ணாகிவிடுகிறது, அதை அள்ளிப் பலா மரத்துக்குப் போட்டுவிடுவார்கள். குளிக்கிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகிறது. நாலு வாழை, நாலும் தார் போட்டிருந்தது. சாப்பாட்டுக்குச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, புளிச்ச கீரை, கடைசியில் மரத்திலிருந்து இறக்கின பலா. அரிசி ஒரு பருக்கை இல்லை. சாமை அவர்கள் நிலத்தில் விளைந்தது, புளி அவர்கள் மரத்துப் புளி. நாங்கள் கொடுத்த பணம் அந்த மலையை விட்டு இறங்கவே இல்லை.

ராத்திரி வாசல் பல்பையும் அந்தம்மா அணைத்துவிட்டார். "வெளிச்சம் இருந்தா பூச்சிதான் வரும், படுத்துக்குங்கண்ணா" என்றார். கயிற்றுக் கட்டிலில் படுத்து வானத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முந்தின அதே பந்தல். என் மனைவி அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். என்னோடு குடும்பம் நடத்தின இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் இந்தக் குடும்பம் முறையாகப் பதிவு செய்து தொழில் நடத்த வழியில்லாமல் நிற்கிறது. நிலத்துக்குப் பட்டா இல்லை. எந்த விண்ணப்பத்திலும் முதல் பக்கத்திலேயே அது கேட்கப்படுகிறது. வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, இன்னும் அவர்கள் கைக்குக் காகிதம் வரவில்லை. அடிவாரத்தில் கொல்லையை வாங்கிக் கூடாரம் போடுகிறவருக்குக் காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது.

சாலை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2023 மே மாதம் இதே அணைக்கட்டு வட்டத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைச் சரியான சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியாமல் போனதும், இறந்த குழந்தையைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறிப் போனதும் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாவற்றிலும் வந்தது. மலைக்கு முதலீடு வருகிறது, சுற்றுலா வருகிறது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்தான் நினைவுக்கு வருகிறார். சாலை முதலில் அவர்களுக்காக வர வேண்டும்.

தீ பற்றி இரண்டு வரி. அந்தக் கூடாரத்து இடத்தில் ராத்திரி விறகு அடுக்கிக் கேம்ப் ஃபயர் போட்டார்கள், மாமரத்துச் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிற இடத்தில். குரங்கணியில் 2018 மார்ச்சில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் இறந்த பிறகும் இதை யாரும் கேட்பதில்லையா? வனத்துறை நடத்துகிற மலையேற்றத்தையே கோடையில் தீக்காலத்தில் நிறுத்தி வைக்கிறார்கள்.

அந்த மலையேற்றத் திட்டம் நல்ல முன்மாதிரி என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் தமிழகம் முழுக்க 40 பாதைகளில் தொடங்கினார்கள். வழிகாட்டிகள் அந்தந்த மலைப் பக்கத்துப் பழங்குடி இளைஞர்களும் உள்ளூர் இளைஞர்களும். தங்குமிடங்களுக்கும் அதே மாதிரி ஓர் ஏற்பாடு வரக் கூடாதா?

எனக்குத் தெரிந்த வேலை ரீடிங் எடுப்பது ஒன்றுதான், அதனால் கேட்பதும் அதுதான். சூழலுக்குக் கேடில்லாதது என்று பலகை வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் போருக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வையுங்கள். அந்த ரீடிங்கை ஊராட்சி எடுக்கட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்று ஒரு கிராம சபை இருக்கிறது. அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கணக்கைப் படிக்கட்டும். எத்தனை அடியில் போர், நாளைக்கு எத்தனை லிட்டர், கழிவு நீர் எங்கே போகிறது, உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேருக்குச் சம்பளம். நல்லபடியாக நடத்துகிறவர்கள் தைரியமாக எழுந்து நின்று படிப்பார்கள், ஊரும் அவர்களுக்குத் துணை நிற்கும். விவசாயத்துக்கு அரசு கொடுக்கிற இலவச மின்சாரத்தில் குளம் நிரப்பினால் அது 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் வரும், இரண்டு மடங்கு கட்டணம் கட்ட வேண்டும். இது அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வட ஆற்காடாக ஒன்றாக இருந்தது 1989-இல் இரண்டானது, 2019-இல் வேலூரும் மூன்றானது. ஜவ்வாது மலை இப்போது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று ஆட்சியர்களிடம் இருக்கிறது. மலை ஒன்றுதான். இங்கே கண்டிப்பு வந்தால் பத்து கிலோமீட்டர் தள்ளி அடுத்த மாவட்டத்தில் போய்க் கூடாரம் போடுவார்கள். மூன்று ஆட்சியர்களும் சேர்ந்து உட்கார்ந்து மலைக்கு ஒரே விதியாகப் போட வேண்டும், பீஞ்சமந்தை மாதிரி ஊர்களில் மண் வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கிற குடும்பங்களுக்குப் பட்டாவும் பதிவும் முதலில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை இப்படி ஓர் இடத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் செய்தியாளர் கூடாரத்துக்குப் பின்பக்கமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும். வழி தெரியாவிட்டால் நான் வருகிறேன். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு நின்றால் போதும், அந்தப் புங்க மரத்தையும் காட்டுகிறேன், மேலே போய் அந்த நாலு வாழையையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.